நாலாம் மாடியில் நாய்

நாய் வளர்ப்பதா, வேண்டாமா என்ற பிரச்னை நமது பாட்டனார்களை ஒரு நாளும் துன்புறுத்தியதில்லை. கிராமத்தில் அந்தத் தீர்மானத்தைச் செய்து வந்தவர்கள் மனிதர்கள் அல்லர். நாய்களே செய்து வந்தன. எங்கிருந்தோ ஒரு குட்டி வந்து திண்ணையின் கீழே படுக்கும். இரண்டு நாள் விரட்டுவார்கள். மூன்றாம் நாள், இலையில் மிஞ்சிய சோற்றை வீட்டு அம்மாள் கொல்லைப்புறத்தில் கொண்டு போய்ப் போடுவாள். நாலாம் நாள் முதல் அது "நம்ம வீட்டு நாய்" ஆகிவிடும். அதற்குக் கழுத்துப் பட்டை கிடையாது, வைத்தியர் கிடையாது, பெயர்கூட அநேகமாக ஊருக்கெல்லாம் பொதுவான பெயர்தான். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு இரவில் வாசலில் படுத்துக் குரைப்பது அதன் உத்தியோகம். அந்த ஏற்பாட்டில் நாய் சுகமாக இருந்தது என்று நாம் சத்தியம் செய்யத் தயாராயில்லை. சொறி பிடித்தும், கல்லடி பட்டும் அற்பாயுசில் போன நாய்களே அதிகம். ஆனால் அதன் பொருட்டு யாரும் இரவில் விழித்திருந்து யோசனை செய்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பட்டணத்து அடுக்கு மாடி வீட்டில் திண்ணையும் இல்லை, கொல்லையும் இல்லை. நாய் தானாக வந்து சேருவதற்கு லிப்ட் வண்டியை இயக்கத் தெரிய வேண்டும். ஆகவே, தீர்மானிக்க வேண்டிய பொறுப்பு மனிதர் தலையில் வந்து விழுந்துவிட்டது.

மாம்பலத்திலிருந்து நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். நாலாவது மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட ஜாகை. அவரும் அவருடைய மனைவியும் காலை எட்டரை மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்பி வர இரவு ஏழு மணி ஆகிறது. பத்து வயதுப் பையன் ஒருவன். அவன் ஒரு சின்ன நாய் வேண்டுமென்று ஆறு மாதமாகச் சத்தியாக்கிரகம் செய்து வருகிறான். ஒரு சமயம் உண்ணாவிரதம் வரையில் போய், மசால் தோசையில் முடிந்ததாம். "சின்ன ஜாதி நாயாக இருந்தால் கஷ்டமில்லை அல்லவா? எந்த ஜாதி வாங்கலாம்? அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், எழுபத்தொரு வயது, அவள் பகலில் பார்த்துக்கொள்வாள்" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கடிதத்தை நாம் இரண்டு மூன்று தடவை படித்தோம். கேள்வி எந்த ஜாதி என்பதாயிருந்தாலும், விஷயம் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக நமக்குப் பட்டது. அதற்குப் பிற்பாடு வருவோம். முதலில் "சின்ன நாய்" என்ற சொல்லைச் சற்றுக் கவனிக்கலாம்.

சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் என்று கணக்குப் போடுவது, சின்ன வீட்டுக்குச் சின்னக் குழந்தை போதும் என்று கணக்குப் போடுவது போலத்தான். நாயின் உயரத்துக்கும் அதன் அமைதிக்கும் சம்பந்தம் மிகவும் சொற்பம். டாக்ஸ்ஹுண்டு என்ற குட்டைக் கால் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குத் தலையணை மாதிரி இருக்கும். ஆனால் ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து, அங்கே பல்லும் நகமுமாய் உட்கார்ந்திருக்கும் பிராணியோடு சண்டை போடுவதற்கென்று அதை வளர்த்து உண்டாக்கினார்கள். அந்தச் சூரத்தனம் இரத்தத்தில் இருக்கிறது. அன்றியும் நீண்ட முதுகு. மாடிப் படிகளில் தினம் ஏறி இறங்கினாலும், சோபாவிலிருந்து குதித்தாலும் அந்த முதுகெலும்புக்கு ஆபத்து. பீகிள் என்பது கூட்டமாக முயல் வேட்டையாடிய ஜாதி. தனியே அடைத்து வைத்தால் அது ஊளையிடும் ஊளை நாலாம் மாடியிலிருந்து தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரையில் கேட்கும். லாசா ஆப்ஸோ திபெத்து தேசத்து மடாலயங்களில் உள் வாசல் காத்தது. காலடி ஓசை கேட்டால் அறிவிக்க வேண்டியது அதன் கடமை. அடுக்கு மாடியில் காலடி ஓசைக்கு என்ன குறைச்சல்? பாமரேனியன் என்று சொல்லி நம் ஊரில் விற்கப்படும் வெள்ளை நாயும், அது பெரும்பாலும் ஸ்பிட்ஸ்தான், இந்தக் குரைக்கும் கலையில் யாருக்கும் இளைத்ததல்ல.

பக் என்ற சப்பை மூக்கு நாயின் கதை பரிதாபமானது. 2003-ம் வருஷத்தில் ஒரு கைத்தொலைபேசிக் கம்பெனியின் விளம்பரத்தில் இந்த நாய் ஒரு சிறுவன் பின்னோடு ஓடிற்று. அவ்வளவுதான், தேசம் முழுவதும் பக் பைத்தியம் பிடித்துவிட்டது. நாய்க்கு வியர்வை கிடையாது, உள்ளங்காலில் கொஞ்சம் தவிர. உடல் சூட்டை அது மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்ள வேண்டும். அந்த மூச்சுக் குழலையே மனிதன் அழகுக்காக நசுக்கி வைத்திருக்கிறான். குளிர் தேசங்களிலேயே மூச்சுத் திணறும் ஜாதியைச் சித்திரை வெயிலில், மின்சாரம் நின்றுபோன பகலில், பூட்டிய வீட்டில் வைத்தால் என்ன ஆகும்? ஹாலந்து தேசத்தில் மிதமிஞ்சிச் சப்பையான மூக்குள்ள நாய்களை இனப்பெருக்கம் செய்வதற்கே தடை விதித்திருக்கிறார்கள். நாமோ விளம்பரம் பார்த்து வாங்கினோம்.

தேசாபிமானமுள்ள நேயர்கள் இங்கே குறுக்கிட்டு, "அப்படியானால் நமது சொந்த நாய்கள் இல்லையா?" என்று கேட்கக் கூடும். உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று ஊர்ப் பெயரையே தாங்கிய வீர ஜாதிகள் தமிழ் நாட்டில் இருக்கின்றன. 2005-ல் இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட நாய்த் தலைகளில் ராஜபாளையத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. அதைப் பார்த்து நாமும் பெருமை அடைந்தோம். ஆனால் முயலையும் காட்டுப் பன்றியையும் துரத்துவதற்குப் பிறந்த நாயை 900 சதுர அடியில் பூட்டி வைப்பதில் சுதேசியம் எதுவும் இல்லை. அடுக்கு மாடிக்கு ஏற்ற சுதேசி நாய் ஒன்று உண்டு. அதற்கு விலையே கிடையாது என்பதுதான் அதன் துரதிர்ஷ்டம். தெருவில் பிறந்த நாய். குட்டை ரோமம், நம் வெயிலுக்கு வாகான உடல், அளவான உயரம், ஜாதி நாய்களைப் போல் பரம்பரை வியாதிகளின் தொல்லை அதிகம் இல்லை. சென்னையில் 1959-ல் ஆரம்பித்த புளூ கிராஸ் ஸ்தாபனம் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட நாய்கள் வீடு தேடிக் காத்திருக்கின்றன. "மனிதர் முகம் பார்க்கும் கூடம் நிறைய நாய்கள்" என்று அங்கே போய் வந்த நண்பர் ஒருவர் சொன்னார். அவரால் அன்று இரவு சாப்பிட முடியவில்லையாம்.

இனிமேல் சட்ட விவகாரம். அடுக்கு மாடிச் சங்கத்தின் காரியதரிசிகள் என்போர் சிலர் இருக்கிறார்கள். ஐ. நா. சபைக்குக்கூட இல்லாத அதிகாரங்கள் தங்களுக்கு உண்டு என்பது இவர்களுடைய அபிப்பிராயம். "இந்தக் கட்டடத்தில் நாய் கூடாது என்று பொதுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது" என்பார்கள். இந்தியப் பிராணி நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டு முறைகளின்படி, பெரும்பான்மைத் தீர்மானத்தினாலும்கூட ஒரு சங்கம் நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது. பெரிய நாய் சின்ன நாய் என்று பேதம் பாராட்டக் கூடாது. லிப்டில் ஏற்ற மறுக்கக் கூடாது. இந்த வாரியத்தைப் பற்றித் தமிழர்கள் கொஞ்சம் மார் தட்டிக்கொள்ளலாம். கலாக்ஷேத்திரத்தை ஸ்தாபித்த ஸ்ரீமதி ருக்மிணி தேவி ராஜ்ய சபையில் அங்கத்தினராயிருந்தபோது பிராணிகளுக்காக மசோதா கொண்டு வந்து வாதாடினார். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதன் கீழ் 1962-ல் வாரியம் ஏற்பட்டபோது அவரே முதல் தலைவியானார். நாட்டியத்துக்காக அவரைக் கொண்டாடுகிறவர்கள், இதற்காகவும் கொண்டாடலாம்.

ஆனால் காரியதரிசியைச் சட்டத்தால் ஜயித்து விடுவதால் அண்டை வீட்டுக்காரரை ஜயித்ததாகிவிடாது. நாயை வாரில் பிடித்துக் கொண்டுதான் வெளியே போக வேண்டும். அது செய்யும் அசுத்தத்தை நாமே காகிதத்தில் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். சென்னை மாநகராட்சியில் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்ட சான்று வேண்டும். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. வெறிநாய்க் கடி நோய் ஒரு தடவை தலைகாட்டிவிட்டால் அநேகமாக மீட்சியே இல்லை. மனிதருக்கு அந்நோய் வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலமாகத்தான். குன்னூரில் 1907-ல் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டதும், வயிற்றில் 14 ஊசி போட்டுக்கொண்டு முதியவர்கள் பட்ட அவஸ்தையும் நேயர்களிற் சிலருக்கு நினைவிருக்கும். இப்போது கையில் நாலைந்து ஊசியோடு தீருகிறது. கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு வருஷந்தோறும். இதில் சோம்பல் படுகிறவர் நாய் வளர்க்கத் தகுதியில்லாதவர் என்று நாம் தயக்கமின்றிச் சொல்வோம்.

சாப்பாட்டு விஷயத்தில் சைவக் குடும்பங்களுக்கு ஒரு தர்ம சங்கடம் உண்டு. ஓநாயின் வம்சத்தில் வந்த பிராணிக்கு ரசம் சாதம் போடலாமா? மனிதனோடு ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்ததில் அதற்கு மாவுப் பொருளைச் சீரணிக்கும் சக்தி ஓநாயைவிட அதிகமாக வளர்ந்திருக்கிறது என்று 2013-ல் விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினார்கள். ஆகவே தயிர் சாதம் நாய்க்கு விஷமல்ல. ஆனால் தயிர் சாதம் மாத்திரமே அதற்குப் போதாது, புரதம் வேண்டும். முட்டையையாவது வீட்டுக்குள் அனுமதிக்க மனம் வராதவர்கள் மிருக வைத்தியரிடம் முன்னதாகவே பேசிவிடுவது நலம். விஷம் எது என்றால், நமது வெங்காய சாம்பார்தான். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லேட்டும் ஆகாது. பையன் அன்பு மேலிட்டுப் பாயசத்துத் திராட்சையைப் பொறுக்கி ஊட்டுவானானால், வேப்பேரி மிருக வைத்தியக் கல்லூரிக்கு ராத்திரியில் வண்டி கட்ட வேண்டிவரும்.

தீபாவளியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நமது காதுக்கு எட்டாத ஒலியெல்லாம் நாயின் காதுக்கு எட்டும். நமக்கு எட்டும் ஒலி அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பொங்கலுக்குச் சொந்த ஊர் போவதென்றால் ரயிலில் குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர் அறையோ நால்வர் அறையோ முழுவதையும் அமர்த்திக்கொண்டால்தான் நாய் உடன் வரலாம். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் கூண்டுக்குள் அது தனியாகப் பிரயாணம் செய்ய வேண்டும். முதல் வருஷம் அறை அமர்த்துவார்கள். இரண்டாம் வருஷம் "யாராவது நாலு நாள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று எதிர் வீட்டைப் பார்ப்பார்கள். மூன்றாம் வருஷம் பாட்டியை ஊருக்கு அழைத்துப் போக மாட்டார்கள்.

இப்போது நாம் அந்த வாக்கியத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். "அவள் பகலில் பார்த்துக்கொள்வாள்."

நாய் ஆசை பையனுக்கு. நாயின் பெருமை தகப்பனாருக்கு. நாயின் வேலை வேறு யாருக்கோ! இது நம் குடும்பங்களில் எழுதாத சட்டம். மாம்பலம் நேயரின் கடிதம் நான்கு பக்கம். அதில் பையனுடைய ஆசை ஒரு பக்கம், ஜாதிகளைப் பற்றிய ஆராய்ச்சி இரண்டு பக்கம், காரியதரிசியின் அட்டூழியம் முக்கால் பக்கம். தாயாருக்கு ஒரு வரி. மனைவியாருக்கு அதுவும் இல்லை. பகல் பத்தரை மணி நேரம் அந்த வீட்டில் இருக்கப்போகிறவர்கள் இரண்டே பேர், ஒரு கிழவியும் ஒரு நாயும். அந்த இருவரில் ஒருவரையும் யாரும் கலந்து ஆலோசித்ததாகக் கடிதத்தில் காணவில்லை.

மூன்று மாதக் குட்டி மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. அப்படியானால் பாட்டி பகலில் மூன்று தடவையாவது லிப்டில் இறங்கி ஏற வேண்டும். அல்லது குனிந்து தரை துடைக்க வேண்டும். சின்ன நாயின் பெரிய அபாயம் ஒன்றை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. அது சத்தமில்லாமல் காலடியில் வந்து நிற்கும். எழுபத்தொரு வயதில் ஒரு தடவை தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பிறகு அந்த வீட்டில் நாயைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்? பாட்டிக்கு இழுப்பு உண்டா என்பதையும் நேயர் எழுதவில்லை. ரோமம் உதிராத ஜாதி என்று கடைக்காரர் சொல்வதை நம்பக் கூடாது. ஒவ்வாமையை உண்டாக்குவது ரோமம் மட்டுமல்ல. தோல் துகளும் எச்சிலுங்கூட. அது இல்லாத நாய் உலகத்தில் இல்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். சின்ன நாய்கள் சாதாரணமாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து வருஷம் வரையில் உயிரோடிருக்கும். பையனுக்கு இப்போது பத்து வயது. பதினெட்டில் அவன் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவான். நாய்க்கு அப்போது எட்டு வயது, பாட்டிக்கு எழுபத்தொன்பது. நாய்க்குக் கண் மங்கி, பல் விழுந்து, இரவில் இரண்டு தடவை வெளியே போக வேண்டியிருக்கும் காலத்தில் பாட்டிக்கும் அதே நிலைமை. பையன் அயல் நாட்டிலிருந்து தொலைபேசியில் முகம் காட்டி, "நாய் எப்படி இருக்கிறது?" என்று விசாரிப்பான். 2020-ம் வருஷத்து ஊரடங்கில் பொழுது போகாமல் குட்டி வாங்கியவர்கள் பலர். காரியாலயங்கள் திறந்த பிறகு அவற்றிற் சில எங்கே போயின என்று பிராணி நல ஸ்தாபனங்களைக் கேட்டால் தெரியும். வளர்ந்த நாயைத் தெருவில் விட்டால் அது தெரு நாய் ஆகிவிடாது. வீடு இல்லாத வீட்டு நாயாகத்தான் இருக்கும். தெரு நாய்கள் அதைச் சேர்ப்பதில்லை. சாலையைக் கடக்கவும் அதற்குத் தெரியாது.

இவ்வளவு சொன்னதனால் நாம் நாய்க்கு விரோதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தர்மபுத்திரர் சுவர்க்கத்தின் வாசலில் நாயை விட்டு உள்ளே வர மறுத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யானையைப் போன்றவரின் சிநேகத்தைவிட நாயைப் போன்றவரின் சிநேகமே மேல் என்று நாலடியார் சொல்கிறது. அதைவிட நற்சாட்சிப் பத்திரம் எந்தப் பிராணிக்குக் கிடைத்திருக்கிறது? பட்டணத்துப் பகலில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முதியவர்களின் தனிமையை நாம் அறிவோம். அந்தத் தனிமையில், காலடியில் ஒரு ஜீவன் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருப்பது எவ்வளவோ பெரிய காரியம். ஒருவேளை பையனைவிடப் பாட்டிக்குத்தான் நாய் அதிகம் தேவையோ என்னவோ! அதனாலேயே அவளைக் கேட்க வேண்டும் என்கிறோம். "பார்த்துக்கொள்கிறாயா, அம்மா?" என்றல்ல, "உனக்கு வேண்டுமா?" என்று.

வேண்டாம் என்று அவர் சொன்னால் விஷயம் தீர்ந்தது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், பத்தரை மணி நேரம் தனியே அடைத்து வைக்க எந்த நாயும் வாங்கக் கூடாது என்பது நமது தீர்ப்பு. பையனை ஞாயிற்றுக்கிழமைகளில் பிராணிகள் காப்பகத்துக்கு அழைத்துப் போய் நாய்களைக் குளிப்பாட்டச் சொல்லலாம். வேண்டும் என்று சொன்னாலோ, குட்டி வேண்டாம். கடையில் குட்டி விற்பவர்கள் எட்டு வாரம் நிறைவதற்கு முன் விற்கக் கூடாதென்று 2017-ம் வருஷத்து விதி சொன்னாலும், தாயிடமிருந்து முன்னதாகவே பிரித்த குட்டிகளை அழகு காட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். காப்பகத்தில் ஐந்தாறு வயதான நாய் கிடைக்கும். துள்ளல் அடங்கி, வீட்டுப் பழக்கம் படிந்து, பகலில் பெரும் பகுதி தூங்கும் நாய். அதன் ஆயுள் கணக்கும் பையனுடைய கல்லூரிக் கணக்கோடு ஒத்துப் போகும்.

அதற்கு முன்னால் ஒரு பரீட்சை. நாளைக் காலை முதல் முப்பது நாள், நேயரும் பையனும் காலை ஐந்தரை மணிக்கும் இரவு ஒன்பதரை மணிக்கும் நாலு மாடி இறங்கி, தெருவில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வர வேண்டும். நாய் இல்லாமல், வாரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு. மழை பெய்தாலும், பையனுக்குப் பரீட்சை இருந்தாலும், தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஆட்டம் இருந்தாலும் போக வேண்டும். நாயின் சாப்பாடு, ஊசி, வைத்தியர் செலவு இவற்றுக்கென்று மாதாந்தம் ஆகக் கூடிய தொகையை அருகிலுள்ள மிருக வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை ஓர் உண்டியலில் போட்டுவிட வேண்டும். போகாத நாட்களைப் பாட்டி நாட்காட்டியில் குறித்து வரட்டும். முப்பதாம் நாள் குறிகள் மூன்றுக்கு மேல் இருந்தால் உண்டியல் பணத்தைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம். மூன்றுக்குள் இருந்தால் குடும்பத்தோடு புறப்பட்டுப் போய் நாயைப் பார்த்துவிட்டு வரலாம். வண்டியில் முன் ஆசனம் பாட்டிக்கு.